நாலு வருஷ ஹோஸ்டிங்கைத் தவணையில் வாங்கலாமா?

கேள்வி:

"பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிறோம். நானும் என் நாத்தனாரும் இன்னும் மூன்று பெண்களும் சேர்ந்து செய்கிற தொழில். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை, பெண் பேர் போட்டு நெய்கிற பட்டுப்பாய்தான் முக்கிய வருமானம். இதுவரை திருநெல்வேலிக் கடைக்காரர்கள் வழியாக விற்றோம். இனி நாமே வெப்சைட் போட்டு விற்கலாம் என்று கல்லூரியில் படிக்கிற என் மகன் சொல்கிறான். அவன் பார்த்து வைத்திருக்கிற ஹோஸ்டிங் கம்பெனி, 4 வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் மாதம் 149 ரூபாய்தான் என்கிறது. வரியோடு 8,439 ரூபாய் வருகிறது. இது ஆடி மாதம், கையில் பணம் இல்லை. பணம் கட்டும் இடத்தில் 'இப்போது வாங்குங்கள், பிறகு கட்டுங்கள்' என்று ஒரு வழி காட்டுகிறது. என் தம்பியின் கிரெடிட் கார்டில் ஆறு மாதத் தவணையும் போடலாமாம். எது நல்லது? ஒரு தவணை தவறினால் வெப்சைட் நின்றுபோகுமா?"

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

கேட்டதற்கு முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். நாலு வருஷத் திட்டத்தைத் தவணையில் எடுக்க வேண்டாம். அதற்காக வெப்சைட்டைக் கைவிட வேண்டாம். இந்த ஆடியிலேயே வேலையைத் தொடங்குங்கள். ஆவணி முகூர்த்தத்துக்குப் பாய் வேண்டும் என்கிறவர்கள் இப்போதே தேட ஆரம்பித்திருப்பார்கள். உங்களுக்குத் தேவைப்படுகிற வெப்சைட்டுக்கு 8,439 ரூபாய் கடன் தேவைப்படாது. ஏன் என்று விவரமாக எழுதுகிறேன். மகனையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படியுங்கள்.

பாளையங்கோட்டையில் பதினைந்து வருஷமாகச் சிறு தொழில்களுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறேன். கல்லிடைக்குறிச்சி அப்பளக்காரர்கள், திசையன்விளைக் கருப்பட்டி வியாபாரிகள், சுரண்டை, பாவூர்சத்திரம் பக்கத்துக் கடைக்காரர்கள் என்று என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் பருவம் பார்த்துச் சம்பாதிக்கிறவர்கள். பதநீர் இறங்குகிற மாதங்களில் கருப்பட்டிக்காரர் கையில் காசு இருக்கும். மழை பிடித்துவிட்டால் அப்பளக்காரருக்குக் காய வைக்க வெயில் இருக்காது. உங்களுக்கு முகூர்த்த மாதங்களில் வரவு, ஆடியிலும் மார்கழியிலும் கை வறட்சி. மாதாமாதம் ஒரே தேதியில் ஒரே தொகை கேட்கிற தவணைக்கு இதெல்லாம் தெரியாது. சம்பளக்காரர்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது.

சரி, எதற்குப் பணம் கட்டுகிறீர்கள் என்பதைப் பார்ப்போம். வெப்சைட் என்றால் இரண்டு செலவு. டொமைன் என்பது உங்கள் கடையின் பெயர், முகவரி. ஹோஸ்டிங் என்பது அந்தக் கடை இருக்கிற இடத்துக்கு வாடகை. பெயரை நீங்கள் எந்த இடத்துக்கும் எடுத்துக்கொண்டு போகலாம். வாடகை இடத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். பஜாரில் ஒரு கடை பிடிக்கிறோம் என்று வையுங்கள். வியாபாரம் எப்படிப் போகும் என்று தெரியும் முன்பே 48 மாத வாடகையைக் கடன் வாங்கி முன்கூட்டியே கட்டுவோமா? மாட்டோம். ஹோஸ்டிங்கில் மட்டும் தொகை சின்னதாகத் தெரிவதால் கட்டிவிடுகிறோம்.

அந்த 149 ரூபாயைப் பிரித்துப் பாருங்கள். 149-ஐ 48-ஆல் பெருக்கினால் 7,152. அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி 1,287. மொத்தம் 8,439. இது முதல் முறைக்கான விலை. விலைப்பட்டியலுக்கு அடியில் சின்ன எழுத்தில் 'புதுப்பிக்கும்போது மாதம் இவ்வளவு' என்று இன்னொரு எண் இருக்கும். மகனை அதைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். அது 449 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வரியோடு வருஷத்துக்கு 6,358 ரூபாய். நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும்: நாலு வருஷமும் அதே கம்பெனியில் இருக்கப் போவது உறுதி, கையிலும் முழுப் பணம் இருக்கிறது என்றால், மொத்தமாகக் கட்டுவது லாபம்தான். அதை மறுக்க மாட்டேன். உங்களிடம் அந்த இரண்டும் இப்போது இல்லை.

இனி தவணைக் கணக்கு. தம்பியின் கார்டில் ஆறு மாதத் தவணை, வட்டி ஆண்டுக்கு 16 சதவீதம், பிராசசிங் ஃபீஸ் 199 ரூபாய் என்று எடுத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 1,473 ரூபாய் வரும். ஆறு மாதத்தில் வட்டி 398. கிரெடிட் கார்டு தவணையில் வட்டிக்கும் ஜிஎஸ்டி உண்டு, அது 72. பிராசசிங் ஃபீஸ் வரியோடு 235. ஆக 705 ரூபாய் கூடுதல். எட்டாயிரத்துக்கு எழுநூறு பெரிதில்லையே என்று தோன்றும். நம் ஊர் வழக்கில் நூற்றுக்கு எவ்வளவு வட்டி என்று பாருங்கள். 16 சதவீதம் என்றால் நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் 33 காசு. ஃபீஸையும் வரியையும் சேர்த்து, மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருவதையும் கணக்கில் எடுத்தால் உண்மையான வட்டி நூற்றுக்கு 2 ரூபாய் 40 காசுக்குப் போய்விடுகிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 29 சதவீதம். கடன் தொகை சின்னதாக இருக்கும்போது இப்படித்தான் ஆகும். 199 ரூபாய் ஃபீஸ் ஒரு லட்சம் ரூபாய்க் கடனில் கண்ணுக்கே தெரியாது. எட்டாயிரம் ரூபாய்க் கடனில் வட்டியில் பாதிக்கு மேல் அதுவே வந்துவிடுகிறது. உங்கள் மகளிர் குழுவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிக்கு உள்கடன் கிடைக்குமானால், அது இதில் பாதிகூட ஆகாது.

'வட்டியே இல்லாத தவணை' என்று போட்டிருந்தால்? அப்படி ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. வட்டியைப் பிராசசிங் ஃபீஸ் என்ற பெயரில் வாங்குகிறார்கள் என்பதையும் அதில் சுட்டிக்காட்டியிருந்தது. இப்போது கடைகளில் நடப்பது வேறு மாதிரி. வட்டிக்குச் சமமான தொகையை விற்பவர் தள்ளுபடியாகக் கொடுக்கிறார், வங்கி தன் வட்டியை வாங்கிக்கொள்கிறது. அப்போதும் வட்டி மேல் உள்ள ஜிஎஸ்டியும் ஃபீஸும் உங்கள் தலையில்தான் விழும். மொத்தமாகக் கட்டினால் கிடைக்கிற கூப்பன் தள்ளுபடி தவணையில் கிடைக்கிறதா என்றும் பாருங்கள். பல இடங்களில் இரண்டில் ஒன்றுதான் தருவார்கள்.

தவணை தவறினால் வெப்சைட் நின்றுபோகுமா என்று கேட்டிருந்தீர்கள். நல்ல கேள்வி. நிற்காது. கார்டு தவணையிலும் சரி, 'பிறகு கட்டுங்கள்' வழியிலும் சரி, கடன் கொடுத்தவர் முதல் நாளே ஹோஸ்டிங் கம்பெனிக்கு முழுப் பணத்தையும் கொடுத்துவிடுவார். அதன் பிறகு உங்கள் கடனுக்கும் வெப்சைட்டுக்கும் சம்பந்தமில்லை. நீங்கள் கட்டாவிட்டாலும் வெப்சைட் ஓடும். இதில் இன்னொரு பக்கம் இருக்கிறது. வெப்சைட் ஓடாவிட்டாலும் நீங்கள் கட்டியாக வேண்டும்.

இது எனக்கே நடந்தது. பத்து வருஷம் இருக்கும். ஒரு கருப்பட்டி வியாபாரிக்காக என் கார்டில் ஒன்பது மாதத் தவணை போட்டு மூன்று வருஷ ஹோஸ்டிங் வாங்கினேன். மூன்று மாதம் நன்றாக ஓடியது. நாலாவது மாதம் சாயங்காலமானால் சர்வர் படுத்துக்கொண்டது. பதநீர் பருவம், ஆர்டர் வருகிற நேரம், அவருடைய பக்கம் திறக்கவில்லை. கம்பெனிக்கு எழுதி எழுதிச் சலித்துப் போனேன். பணத்தைத் திருப்பிக் கேட்டால், 30 நாளைக்குள் கேட்டிருக்க வேண்டும் என்றார்கள். ஐந்தாம் மாதம் அவரை வேறு இடத்துக்கு மாற்றினேன். அப்புறம் நாலு மாதம், யாருக்கும் பயன்படாத ஓர் இடத்துக்குத் தவணை கட்டினேன். அவரிடம் அதைக் கேட்க எனக்கு மனசு வரவில்லை. அதற்குப் பிறகு வாடிக்கையாளர் யாருக்கும் நீண்டகால ஹோஸ்டிங்கைத் தவணையில் எடுத்துக் கொடுத்ததில்லை.

அந்த 30 நாள் விஷயத்தை மறந்துவிடாதீர்கள். அதற்குள் ரத்து செய்தால்கூட ஹோஸ்டிங் பணம் மட்டும் திரும்பும். டொமைனுக்குக் கொடுத்தது பொதுவாகத் திரும்பாது. வங்கி எடுத்த பிராசசிங் ஃபீஸும் திரும்பாது. தவணையை ரத்து செய்யச் சொல்லி வங்கிக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். தவணையை இடையில் முடித்தால் அதற்கும் பல வங்கிகள் கட்டணம் வாங்குகின்றன.

தவணை தவறினால் வெப்சைட்டுக்கு ஒன்றும் ஆகாது என்றேன். ஆகிறது தம்பிக்கு. தாமதக் கட்டணம் ஒரு பக்கம் இருக்கட்டும். அவருடைய சிபில் கணக்கில், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று வங்கிகள் பார்க்கிற பதிவில், அது ஏறிவிடும். 300-லிருந்து 900 வரை போகிற அந்த மதிப்பெண் குறைந்தால், நாளைக்கு அவர் வண்டிக் கடனோ வீட்டுக் கடனோ கேட்டுப் போகும்போது வங்கியில் கேள்வி வரும். எட்டாயிரம் ரூபாய் விஷயத்துக்காக அக்கா தம்பிக்குள் மனத்தாங்கல் வருவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். இன்னொருவர் கார்டில் ஆறு மாதம் தொங்குகிற கடனைப் போடாதீர்கள்.

'இப்போது வாங்குங்கள், பிறகு கட்டுங்கள்' என்கிற செயலி வழியும் கடன்தான். கார்டு இல்லாதவர்களுக்கும் கிடைக்கிறது என்பதே வித்தியாசம். அதை எடுக்கிற நிலை வந்தால், 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்துவதற்கு முன் முக்கிய விவர அறிக்கை என்று ஒரு தாள் காட்டுவார்கள். காட்டியாக வேண்டும், அது ரிசர்வ் வங்கியின் விதி. எல்லாச் செலவையும் சேர்த்த ஆண்டு வட்டி விகிதம் அதில் இருக்கும். விளம்பரத்தில் வந்த எண்ணை விட்டுவிட்டு அதைப் பாருங்கள். கடன் கொடுக்கிற வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் பெயரும் அதில் இருக்க வேண்டும். செயலி வெறும் முகப்பு, கடன் கொடுப்பவர் பின்னால் இருக்கிறார். 2025 மே மாதம் வந்த டிஜிட்டல் கடன் நெறிமுறைகளின்படி, கடன் எடுத்த பிறகு குறைந்தது ஒரு நாள் யோசிக்க அவகாசம் தர வேண்டும். அதற்குள் மனம் மாறினால் அசலையும் அந்த நாளுக்கான வட்டியையும் கட்டி, அபராதம் இல்லாமல் வெளியே வந்துவிடலாம். உங்கள் போனில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் பார்க்க ஒரு செயலி அனுமதி கேட்டால் அப்போதே அதை நீக்கிவிடுங்கள். கடன் செயலிகள் அவற்றைத் தொடக்கூடாது என்று விதியே இருக்கிறது. அதை மீறுகிறவர்கள் நாளைக்கு உங்கள் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போடுவார்கள். முறையான நிறுவனத்தோடு தகராறு வந்து, புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம், அதாவது குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 14448 என்ற எண்ணில் வழி சொல்வார்கள்.

வட்டியே இல்லாமல் பணம் கட்டுவதைத் தள்ளிப்போட ஒரு வழி இருக்கிறது, அதைத் தம்பியே உங்களுக்குச் செய்யலாம். கிரெடிட் கார்டில் பில் போடுகிற தேதி ஒன்று, பணம் கட்டக் கடைசித் தேதி ஒன்று உண்டு. பில் தேதி 5 என்றால், 6-ஆம் தேதி வாங்கியது அடுத்த மாதம் 5-ஆம் தேதி பில்லில்தான் வரும். அதைக் கட்ட மேலும் இருபது நாள் போல இருக்கும். ஆக ஐம்பது நாள் வரை ஒரு பைசா வட்டி கிடையாது. தவணையாக மாற்றத் தேவையில்லை, ஃபீஸும் இல்லை. ஆடியில் வாங்கியதை ஆவணிப் பணத்தில் கட்டிவிடலாம். இதற்கு இரண்டு நிபந்தனை. தம்பி ஏற்கனவே கார்டில் பாக்கி வைத்திருக்கக் கூடாது. பாக்கி இருந்தால் புதிதாக வாங்குவதற்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். கடைசித் தேதியில் 'குறைந்தபட்சத் தொகை' மட்டும் கட்டி நிறுத்தவும் கூடாது. அப்படிச் செய்தால் நூற்றுக்கு மூன்று, மூன்றரை ரூபாய் வட்டி.

இனி நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் வழி. வெப்சைட் செய்ய உதவுகிற வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளைப் போடலாம் என்று உங்கள் மகன் நினைத்திருப்பான். அதற்குப் பின்னால் டேட்டாபேஸ், அதாவது விவரங்களைச் சேமித்து வைக்கிற ஒரு தொகுப்பு ஓட வேண்டும், அதனால்தான் ஹோஸ்டிங் செலவு. உங்கள் கடையில் என்ன இருக்கப் போகிறது? இருபது, முப்பது பாய்களின் படம். கோரையை ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போட்டு, கிழித்து, சாயம் ஏற்றி நெய்கிற விதம். பெயர் போட எத்தனை நாள் ஆகும், என்ன விலை என்ற விவரம். கீழே ஒரு வாட்ஸ்ஆப் பொத்தான். இது மாறாத பக்கம், அதாவது ஸ்டாட்டிக் சைட். இதற்குக் கட்டண ஹோஸ்டிங் தேவையில்லை. கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் என்ற சேவையின் இலவசத் திட்டத்திலேயே வைக்கலாம். மகன் எழுதிய பக்கங்களை ஒரு ஃபோல்டராக இழுத்துப் போட்டால் போதும். கிட்ஹப் பேஜஸும் இலவசம்தான், கல்லூரியில் அதைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள். ஆனால் அதை வியாபாரத் தளத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்று அவர்கள் விதியில் இருக்கிறது, அதனால் வேண்டாம். படங்களைச் சுருக்கிப் போடச் சொல்லுங்கள். போனில் எடுத்த படம் அப்படியே 5 எம்பி இருக்கும். அதை 200 கேபிக்குள் கொண்டுவந்தால் கிராமத்து சிக்னலிலும் சட்டென்று திறக்கும்.

இப்படிச் செய்தால் செலவு டொமைன் ஒன்றுதான். ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு வருஷத்துக்குக் கிடைக்கும். அதிலும் இரண்டாம் வருஷ விலையைப் பார்த்தே வாங்குங்கள். முதல் வருஷம் 99 ரூபாய் என்று கொடுத்துவிட்டுப் புதுப்பிக்கும்போது பத்து மடங்கு கேட்கிற டொமைன்கள் இருக்கின்றன. உங்கள் டொமைன் பெயரில் மின்னஞ்சல் முகவரி வேண்டுமென்றால், அதற்கு வருகிற கடிதங்களை உங்கள் ஜிமெயிலுக்கே திருப்பிவிடும் வசதியும் அதே கிளவுட்ஃப்ளேரில் இலவசமாக இருக்கிறது.

அந்த ஆயிரம் ரூபாயும் எங்கிருந்து வரும் என்றால், உங்கள் பாயிலிருந்தே வரட்டும். பேர் போட்ட பாயை இன்னொருவருக்கு விற்க முடியாது. அதனால் பாதி விலையை அட்வான்ஸாகக் கேட்பது நியாயம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கடைக்காரர்கள் மூலம் விற்றபோது பாய் போய், அது விற்று, அப்புறம் பணம் வந்திருக்கும். அவர்களுக்குத் தவணை கொடுத்தது நீங்கள். நேரடி விற்பனையில் அதைத் திருப்புங்கள். வாட்ஸ்ஆப்பில் ஆர்டர், யுபிஐயில் பாதி அட்வான்ஸ், பணம் வந்த பிறகு தறியில் ஏற்றுவது. முதல் இரண்டு ஆர்டர் போதும், டொமைன் செலவு தீர்ந்துவிடும். வெப்சைட் வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். வாட்ஸ்ஆப் பிசினஸ் செயலியில் பாய்களின் படமும் விலையும் போட்டு வைக்கிற வசதி காசில்லாமலே இருக்கிறது. அதை இன்றைக்கே தொடங்கலாம்.

ஒரு வருஷம் ஓட்டிப் பாருங்கள். ஆர்டர் பெருகி, வெப்சைட்டிலேயே பணம் கட்டுகிற வசதி வேண்டும் என்ற நிலை வந்தால் அப்போது ஹோஸ்டிங் வாங்குங்கள். தை, மாசி வரவில் முழுப் பணத்தைக் கொடுத்து வாங்குங்கள். எத்தனை பேர் பார்க்கிறார்கள், எவ்வளவு விற்கிறது என்ற கணக்கு அதற்குள் உங்கள் கையில் இருக்கும். எந்தத் திட்டம் வேண்டும் என்று விற்பவர் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும்.

'மாதக் கடைசியில் கட்டினால் போதும்' என்று மகன் அமேசான் வெப் சர்வீசஸ் மாதிரி, இணையம் வழியாகக் கம்ப்யூட்டரை வாடகைக்குக் கொடுக்கிற கிளவுட் சேவைகளைச் சொல்லக்கூடும். பயன்படுத்திய பிறகு பில் வருகிற முறை அது, அந்த வகையில் இதுவும் பிறகு கட்டுவதுதான். படிக்கிற பையனுக்கு அதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஆனால் பில்லுக்கு மேல் வரம்பு கிடையாது. எச்சரிக்கை வைத்தால் மின்னஞ்சல் வரும், சேவை தானாக நிற்காது. ஏதோ ஒன்றை அணைக்க மறந்து, மாதக் கடைசியில் ஆயிரக்கணக்கில் பில் வந்து நின்ற மாணவர்களை எனக்குத் தெரியும். அதைக் கடையோடு சேர்க்க வேண்டாம். அதேபோல டாலரில் விலை போடுகிற வெளிநாட்டுக் கம்பெனி என்றால், அந்நியச் செலாவணிக் கட்டணமாக இரண்டு, மூன்று சதவீதத்துக்கு மேலேயே கார்டில் பிடிப்பார்கள், அதற்கும் வரி உண்டு.

பாதிச் செலவில் செய்து தருகிறேன், முதல் வருஷம் ஹோஸ்டிங்கும் டொமைனும் இலவசம் என்று யாராவது வந்தாலும் கவனம். என் தொழிலைச் செய்கிறவர்களைப் பற்றியே சொல்கிறேன், சொல்லித்தான் ஆக வேண்டும். இரண்டாம் வருஷம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். முக்கியமாக டொமைன் யார் பேரில், யார் மின்னஞ்சலில் பதிவாகிறது என்று பாருங்கள். அது உங்கள் பேரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் செல்போன் எண்ணில் இருக்க வேண்டும். மகன் பேரில்கூட வேண்டாம், அவன் படிப்பு முடிந்து வேலைக்கு வெளியூர் போய்விடுவான். பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

டொமைனில் தேதி தவறுவது ஹோஸ்டிங்கில் தவறுவதைவிட மோசம். ஹோஸ்டிங் போனால் வேறு இடத்தில் போட்டுக்கொள்ளலாம். பெயர் போனால் போனதுதான். டாட் காம் பெயர் என்றால், காலாவதியான பிறகு பதிவு நிறுவனத்தைப் பொறுத்து அதிகபட்சம் 45 நாள் வரை சாதாரண விலையில் புதுப்பிக்க வாய்ப்பு இருக்கும். அதைத் தாண்டினால் 30 நாள் மீட்புக் காலம், அதில் பல மடங்கு கட்டணம் கேட்பார்கள். பிறகு 5 நாள் கழித்துப் பெயர் சந்தைக்கு வந்துவிடும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். சுரண்டையில் ஒரு வாடிக்கையாளர் ஆறு வருஷம் வைத்திருந்த பெயரை இப்படி இழந்தார். நினைவூட்டல் எல்லாம் அவர் கடையை விட்டுப் போன ஒரு பையனின் மின்னஞ்சலுக்கே போய்க்கொண்டிருந்திருக்கிறது. பை, பில், விசிட்டிங் கார்டு எல்லாவற்றிலும் அச்சடித்த பெயர் அது.

இதில் உங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆடியில் டொமைன் வாங்கினால், அது ஒவ்வொரு ஆடியிலும் காலாவதியாகும். கையில் காசு இல்லாத மாதத்திலேயே பில் வந்து நிற்கும். ஆடிப்பட்டம் தேடி விதைக்கிறோம், ஆனால் விதைக்கிற மாதத்திலேயே வரி கேட்டால் எப்படி? இதற்கு வழி இருக்கிறது. டொமைனை எப்போது வேண்டுமானாலும் முன்கூட்டியே புதுப்பிக்கலாம். தை மாதத்தில் புதுப்பித்தாலும் நாள் எதுவும் வீணாகாது. ஆடித் தேதியிலிருந்து ஒரு வருஷம் கூட்டிக்கொடுப்பார்கள். அதனால் தை பிறந்ததும், கல்யாண ஆர்டர் பணம் கைக்கு வந்தவுடன் புதுப்பிப்பது என்று வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு, மூன்று வருஷத்துக்குச் சேர்த்தும் கட்டலாம், டொமைனில் அப்படிச் செய்வதை நான் வரவேற்கிறேன். வாங்கும்போதே தானாகப் புதுப்பிக்கும் வசதி போடப்பட்டிருக்கும். கார்டிலோ யுபிஐயிலோ பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் வர வேண்டும் என்பது விதி. ஆனால் 15,000 ரூபாய் வரை ஓடிபி கேட்காமலே எடுத்துக்கொள்ள முடியும். தம்பியின் கார்டில் வாங்கினால் அந்த அனுமதியை அன்றைக்கே நிறுத்திவிடச் சொல்லுங்கள். அவருக்குத் தெரியாமல் அடுத்த ஆடியில் பணம் போகக்கூடாது.

ஜிஎஸ்டி பதிவு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் வாங்கும்போதே அந்த எண்ணைக் கொடுத்து பில் வாங்குங்கள், கட்டிய வரியைப் பொதுவாகக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்.

கடைசியாக, பெயரைப் பற்றி. பத்தமடையை ஆங்கிலத்தில் இரண்டு மூன்று விதமாக எழுதுகிறார்கள். இரண்டாவது எழுத்துக்கு இரட்டை 'டி' போடுகிறவர்கள் உண்டு, 'டிஎச்' போடுகிறவர்களும் உண்டு. கூகுளில் இரண்டையும் அடித்துப் பார்த்து, அதிகம் பேர் எழுதுகிற விதத்தில் எடுங்கள். போனில் ஒருமுறை சொன்னால் எதிரில் இருப்பவர் தப்பில்லாமல் எழுதிக்கொள்கிற அளவுக்குச் சின்னதாக இருக்கட்டும். ஊர்ப் பெயரோடு உங்கள் குழுவின் பெயரையும் சேர்த்தால் இன்னும் நல்லது, இந்தப் பாயை இந்தப் பெண்கள் நெய்தார்கள் என்பது முகவரியிலேயே தெரியும்.